சின்ன கிளினிக்கில் குழந்தையின் வளர்ச்சியை அளப்பது எப்படி: டிஜிட்டல் தராசு, அளவுப்பலகை, செல்போன் செயலி – முழுமையான வழிகாட்டி

வேலூர்ப் பக்கம் குடியாத்தத்திலோ ஒடுகத்தூரிலோ ஒரு குழந்தைகள் கிளினிக். டாக்டர் ஒருவர், சிஸ்டர் இரண்டு பேர். சளி, காய்ச்சல், தடுப்பூசி என்று வாசல் வரை கூட்டம். வளர்ச்சியை அளக்கத் தனி அறை கிடையாது, தனி ஆள் கிடையாது. எல்லாக் கருவியும் ஒரு மேசை மேல் இருக்க வேண்டும். பீஞ்சமந்தை மாதிரி மலை ஊருக்கு முகாம் போகும் நாளில் ஒரு பையில் அடங்க வேண்டும். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட இடத்துக்காக எழுதியது.

செல்போன் செயலி வந்தபிறகு கணக்குப் போடும் தொல்லை ஒழிந்தது. பிறந்த தேதி, எடை, உயரம் தட்டினால் இசட் ஸ்கோர் திரையில் வந்து நிற்கிறது. நடு அளவைப் பூஜ்யமாக வைத்து, குழந்தை அதற்கு எத்தனை படி மேலே (பிளஸ்) அல்லது கீழே (மைனஸ்) என்று சொல்லும் எண் அது. தப்பான எடையைக் கொடுத்தாலும் அதே வேகத்தில், இரண்டு தசம இடத்தோடு, தப்பான விடையும் வந்து நிற்கும். பார்க்க அவ்வளவு நம்பகமாக இருக்கும் என்பதுதான் சங்கடம். அதனால் இங்கே செயலிக்குக் கொஞ்சமாகவும், தராசுக்கும் பலகைக்கும் அவற்றைப் பிடிக்கும் கைக்கும் நிறையவும் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எதை வாங்குவது

முதல் செலவு குழந்தைத் தராசு. தட்டு வடிவத்தில், 20 கிலோ வரை தாங்கி, 5 அல்லது 10 கிராம் வித்தியாசம் காட்டுவதாக இருக்கட்டும். குழந்தை துள்ளினாலும் எண் நிலைத்து நிற்கும் 'ஹோல்டு' வசதி கட்டாயம் வேண்டும். இது இல்லாத தராசு பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஆறு மாதக் குழந்தையை அதில் நிறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

அடுத்தது ஏறி நிற்கும் தராசு. அம்மாவின் எடையைக் கழித்துவிட்டுக் குழந்தையின் எடையை மட்டும் காட்டும் தாய்–சேய் வசதி உள்ளதை வாங்கினால், தட்டில் படுக்க மறுக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் உதவும். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். இந்த வகைத் தராசு பெரும்பாலும் 50 அல்லது 100 கிராம் கணக்கில்தான் காட்டும். முதல் மூன்று மாதத்தில் குழந்தை நாளுக்கு 25 முதல் 30 கிராம், வாரத்துக்கு ஏறக்குறைய 200 கிராம் ஏறும். தாய்ப்பால் போதுமா என்று ஒரு வாரம் கழித்து மறுபடி நிறுத்துப் பார்க்கும் குழந்தைக்கு 100 கிராம் தராசு எதையும் சொல்லாது.

மூன்றாவது நீள அளவுப்பலகை, அதாவது இன்ஃபான்டோமீட்டர். தலைப்பக்கம் அசையாத பலகை, கால்பக்கம் நகரும் பலகை, இடையில் மில்லிமீட்டர் கோடு. சுருட்டி வைக்கும் பிளாஸ்டிக் பாய் பைக்குள் அடங்கும், விலையும் குறைவு. அதன் கால்பலகை சாய்ந்துகொள்ளும் என்பதால் முகாமுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். நின்று அளக்க, சுவரில் பொருத்தும் ஸ்டேடியோமீட்டரே போதும். தலைக்கு மேலிருந்து ஒலி அலை அனுப்பி உயரம் காட்டும் கருவிகளும் விற்கிறார்கள். அவை கொண்டையையும் ரிப்பனையும் தலை என்றே எண்ணும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புயச் (மேல்கை) சுற்றளவு நாடா, தலைச் சுற்றளவுக்கு நீளாத நாடா, இரண்டும் சில்லறைச் செலவு. தையல் டேப் வேண்டாம், பழகப் பழக அது நீண்டுவிடும். கடைசியாக ஒரு 5 கிலோ இரும்பு எடைக்கல், மளிகைக் கடையில் இருப்பதுபோல் அரசு முத்திரை பதித்தது. எதற்கு என்று அடுத்த படியில் வரும்.

புளூடூத் தராசு எண்ணைத் தானாகச் செல்போனுக்கு அனுப்பும். 8.6ஐ 6.8 என்று மாற்றி எழுதும் பிழை ஒழியும், உண்மைதான். ஆனால் நெரிசலில் முந்தைய குழந்தையின் பக்கம் திறந்திருக்க, இந்தக் குழந்தையின் எடை அதில் போய் உட்காரும். சிஸ்டர் எண்ணை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிவது பழைய முறை. அது இன்னும் தோற்கவில்லை.

படி 2: தராசுக்கு இடமும் சோதனையும்

மேசை ஆடக்கூடாது, பாயோ ரப்பர் ஷீட்டோ அடியில் இருக்கக்கூடாது. நீர்மட்டக் குமிழி இருந்தால் அது நடுவில் நிற்கும்வரை கால் திருகைச் சரிசெய்யுங்கள். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் எண் நிலைகொள்ளாது. நிறுக்கும் அரை நிமிடம் ஃபேனை நிறுத்தலாம். வேலூர் வெயிலில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதால் மேசையைத் தள்ளிப் போடுவதே நல்லது. முகாமுக்கு டூவீலர் பெட்டியில் வைத்து எடுத்துப்போன தராசை இறக்கியதும் நிறுக்காதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்து வந்த கருவி அறை வெப்பத்துக்கு வரக் கொஞ்ச நேரம் விடுங்கள்.

தினமும் காலையில் முதல் குழந்தைக்கு முன் 5 கிலோ கல்லைத் தட்டின் நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். 5.00 வர வேண்டும். 10, 20 கிராம் வித்தியாசம் இருந்தால் நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு நாள் அது ஒரே பக்கமாக நகர்ந்தால் பேட்டரியை மாற்றுங்கள். அப்படியும் நகர்ந்தால் பழுது பார்க்கக் கொடுங்கள். இப்படி எழுதி வைக்கும் நோட்டு ஒன்று தராசுப் பக்கத்திலேயே தொங்கட்டும்.

படி 3: பிறந்த தேதி

அதிகம் கவனிக்காத படி இதுதான். இசட் ஸ்கோர் கணக்கில் எடைக்கு இருக்கும் அதே பங்கு வயதுக்கும் உண்டு. "ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் பொறந்தான்" என்று பாட்டி சொன்னால் ரசித்துவிட்டு, பிறப்புச் சான்றிதழையோ தாய் சேய் நல அட்டையையோ கேளுங்கள். அரைகுறை வயதை "ஏழு மாசம் போடுங்க" என்று வாய்க்கணக்காகத் தட்டக்கூடாது.

சில செயலிகள் தேதியை மாதம்–நாள்–ஆண்டு என்ற வரிசையில் வாங்கும். ஜூலை 4ஆம் தேதி பிறந்த ஆண் குழந்தையை 04/07 என்று பதிந்தால் அது ஏப்ரல் 7 ஆகிவிடும். அக்டோபர் 4 அன்று குழந்தையின் எடை 6.3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் வயது மூன்று மாதம். அந்த வயதுக்கு நடுக்கோடு 6.4 கிலோ, அருமையான எடை. செயலியோ ஆறு மாதம் என்று நினைத்துக்கொள்ளும். ஆறு மாத ஆண் குழந்தைக்கு மைனஸ் 2 கோடு 6.4 கிலோ, ஆகவே 'எடை குறைவு' என்று சிவப்பு எழுத்தில் வரும். அம்மா அழுதுகொண்டே பால்பவுடர் டப்பா வாங்கப் போவார். தேதியைப் பதிந்ததும் செயலி காட்டும் வயதைச் சத்தமாகச் சொல்லி, "மூணு மாசந்தானேம்மா?" என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

குறைமாதக் குழந்தைக்குத் திருத்திய வயது. 32 வாரத்தில் பிறந்திருந்தால் 40 வாரத்துக்கு 8 வாரம் குறைவு. அந்த 8 வாரத்தை வயதிலிருந்து கழிக்க வேண்டும். பிறந்து நான்கு மாதமான அப்படி ஓர் ஆண் குழந்தை 4.8 கிலோ இருந்தால், கழிக்காமல் பார்க்கும்போது மைனஸ் 3 கோட்டுக்கும் கீழே தெரியும். கழித்து, இரண்டு மாதம் என்று பார்த்தால் மைனஸ் 1 கோட்டை ஒட்டி நிற்கும். இரண்டு வயது முடியும்வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். நாற்பது வாரம் நிரம்பும் முன்பு அளப்பதற்கு ஃபென்டன் அல்லது இன்டர்குரோத்–21 வரைபடம் உள்ள செயலி வேண்டும். சாதாரண வரைபடம் அங்கே செல்லாது.

படி 4: எடை

தட்டில் மெல்லிய துணி விரித்து, அதன் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்குங்கள். குழந்தையை உடையில்லாமல் படுக்க வையுங்கள். நனைந்த டயப்பர் ஒன்றே 200 கிராம் வரும். கொலுசு, காப்பு, கழுத்தில் தங்கம், அரைஞாண் என்று நம் பிள்ளைகள் மேல் இருக்கும் உலோகமும் லேசுப்பட்டதல்ல. கழற்றக்கூடியதைக் கழற்றி அம்மா கையிலேயே கொடுங்கள், மேசைமேல் வைக்காதீர்கள். தொலைந்தால் அப்புறம் வளர்ச்சியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். கறுப்புக் கயிறு, தாயத்து போன்றவற்றை அவிழ்க்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், அவற்றின் எடை கணக்கில் வராது. வெள்ளி அரைஞாணைக் கழற்ற மாட்டோம் என்றால் 'அரைஞாணோடு' என்று குறித்துக்கொண்டு, அடுத்த முறையும் அதனோடே நிறுங்கள். ஒரே மாதிரி நிறுப்பதுதான் முக்கியம்.

எண் நிலைத்ததும் படியுங்கள். குழந்தையை எடுத்துவிட்டு மறுபடி ஒரு முறை. இரண்டுக்கும் இடையே 100 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் நிறுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் வளர்ச்சி ஆய்வில் வைத்துக்கொண்ட வரம்பு இது. நீளத்துக்கு 7 மி.மீ., தலைக்கும் புயத்துக்கும் 5 மி.மீ.

தாய்–சேய் முறையில் அம்மா முதலில் ஏறி நிற்க வேண்டும், எடை கழிந்து பூஜ்யம் காட்டிய பிறகு குழந்தையைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த இடைவெளியில் செல்போன் அடித்தது என்று அதையும் வாங்கிக்கொண்டால், அல்லது பாட்டி பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால், அத்தனையும் குழந்தையின் கணக்கில் சேரும்.

பிறந்த முதல் வாரத்தில் எடை 10 சதவீதம் வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் ஐந்தாம் நாளே வீட்டில் புட்டிப்பால் ஆரம்பித்துவிடும்.

படி 5: நீளம், உயரம்

நிறைய கிளினிக்கில் எடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6 சதவீதம். எடையை மட்டும் பார்க்கும் கிளினிக்கில் இந்த இரண்டில் எதுவுமே தெரியவராது. வயதுக்கு எடை குறைவு என்று மட்டும் தெரியும்; பிள்ளை குட்டையா, ஒல்லியா, இரண்டுமா என்று பிரிக்க முடியாது.

இரண்டு வயது வரை படுக்க வைத்து, அதற்கு மேல் நிற்க வைத்து அளக்க வேண்டும். படுக்கை அளவு நின்ற அளவைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இரண்டு வயது நிரம்பாத பிள்ளை படுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து நிற்க வைத்து அளந்தால் 0.7 கூட்டுங்கள், இரண்டு தாண்டியது நிற்க மறுத்துப் படுக்க வைத்தால் 0.7 கழியுங்கள். நல்ல செயலியில் படுத்தா, நின்றா என்று கேட்கும் கட்டம் இருக்கும், அதில் சரியாகத் தட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும். நீங்களும் கூட்டி, செயலியும் கூட்டிவிடாமல் பாருங்கள்.

படுக்க வைத்து அளக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அளந்தால் போதும் என்பவர் ஒரு தடவை முயன்று பார்க்கட்டும். உச்சந்தலை தலைப்பலகையைத் தொட வேண்டும். கண்ணின் கீழ் ஓரத்தையும் காதுத் துளையையும் இணைக்கும் கோடு பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், அதாவது குழந்தை நேராக விட்டத்தைப் பார்க்க வேண்டும். தலையைப் பிடிப்பது அம்மாவாக இருந்தால் நல்லது. தெரிந்த முகம் மேலே தெரிந்தால் பிள்ளை அடங்கும். சிஸ்டர் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெல்ல அழுத்தி, மறு கையால் கால்பலகையை உள்ளங்காலில் பொருத்திப் படிக்க வேண்டும். விரல் நுனி மட்டும் தொட்டால் அளவு கூடிவிடும். குதிகால் பதிய வேண்டும்.

முழங்கால் மடங்குவதுதான் வழக்கமான பிழை. ஒரு வயது ஆண் குழந்தைக்கு நடுக்கோடு 75.7 செ.மீ., மைனஸ் 2 கோடு 71.0. உண்மையில் 71.8 செ.மீ. உள்ள பிள்ளை கோட்டுக்கு மேலேயே இருக்கிறான். முழங்கால் மடங்கி 70.3 என்று படித்தால் 'வளர்ச்சி குன்றியவன்' பட்டியலில் விழுந்துவிடுவான். ஒன்றரை செ.மீ. என்பது ஒரு கால் மடக்கு. இன்னொரு பக்கமும் இதில் இருக்கிறது: நீளம் குறைவாகப் பதிந்தால் அந்த நீளத்துக்கு எதிர்பார்க்கும் எடையும் குறைந்துபோகும். அதனால் உண்மையிலேயே ஒல்லியான பிள்ளை நீளத்துக்கேற்ற எடையோடு இருப்பதாகத் தெரிவான். ஒரே பிழை, இல்லாத குறையைக் காட்டி இருக்கும் குறையை மறைத்துவிடும்.

நின்று அளக்கும்போது குதிகால், பிட்டம், தோள்பட்டை, பின்தலை சுவரைத் தொட்டு நிற்கட்டும். குண்டான பிள்ளைக்கு எல்லாம் ஒருசேரத் தொடாது, இழுத்து ஒட்ட வேண்டாம். பார்வை நேராக. பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே வரும் பெண் பிள்ளைகளுக்கு மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல் உச்சியில் வந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். பலகையை முடி அமுங்கும்வரை இறக்கி, கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். நின்றபடி மேலிருந்து எட்டிப் பார்த்தால் அளவு மாறும்.

படி 6: புயம், பாதம், தலை

புயச் சுற்றளவு 6 முதல் 59 மாதம் வரை. இடது கை, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் சரி நடுவில் பேனாவால் புள்ளி வைத்து, கையைத் தொங்கவிட்டு, நாடா தோலைத் தொடும் அளவுக்கு மட்டும் சுற்றுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு; 11.5 முதல் 12.5க்குக் கீழ் வரை நடுத்தரம். பேட்டரி, சிக்னல், பிறந்த தேதி எதுவும் வேண்டாத கருவி இது ஒன்றுதான். முகாமில் கூட்டம் மிஞ்சினால் இதை மட்டுமாவது விடாமல் செய்யுங்கள்.

இரண்டு பாதத்தின் மேல்பக்கமும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். இரண்டிலும் குழி விழுந்து நின்றால், எடை எவ்வளவாக இருந்தாலும் கடுமையான குறைவுதான். நீர் கோத்த எடையைச் செயலிக்கு அடையாளம் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். பாத வீக்கம் உள்ள குழந்தையின் எடையை வைத்து இசட் ஸ்கோர் பார்க்கவே கூடாது.

தலைச் சுற்றளவு இரண்டு வயதுவரை ஒவ்வொரு முறையும். புருவத்துக்குச் சற்று மேலே, பின்னால் துருத்தும் பகுதி மேல், மூன்று முறை அளந்து பெரிய எண்ணை எடுங்கள்.

படி 7: செயலியைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது

ஐந்து வயது வரை உலக சுகாதார நிறுவனத்தின் 2006 தரநிலை. ஐந்து முதல் பதினெட்டு வரை இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடம். செயலி எந்த அட்டவணையைப் பயன்படுத்துகிறது என்று 'பற்றி' பக்கத்தில் இருக்கும். அமெரிக்க வரைபடத்தை இயல்பாக வைத்திருக்கும் செயலிகள் பல உண்டு, அமைப்பில் போய் மாற்றுங்கள். உலக சுகாதார நிறுவனமே ஆந்த்ரோ என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுக்கிறது. அங்கன்வாடிகளில் 2021 முதல் உள்ள போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலி தனி ஏற்பாடு. அங்கே பதிந்தது உங்கள் திரைக்கு வராது, உங்களுடையது அங்கே போகாது.

"வெள்ளைக்காரப் புள்ளைங்க அளவு நம்ம புள்ளைக்கு எதுக்கு சார்?" என்று படித்த அப்பாக்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. 2006 தரநிலைக்காகப் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஆறு நாட்டுக் குழந்தைகளை 1997 முதல் 2003 வரை அளந்தார்கள். இந்தியாவிலிருந்து தெற்கு டில்லிக் குழந்தைகள். தாய்ப்பால் குடித்து, அம்மா புகைபிடிக்காமல், நல்ல சூழலில் வளர்ந்தால் இத்தனை நாட்டுப் பிள்ளைகளும் முதல் ஐந்து ஆண்டு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்று அதில் தெரிந்தது.

புதிய செயலியை முதல் குழந்தைக்குப் பயன்படுத்தும் முன், விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். ஆண், சரியாக 12 மாதம், 9.6 கிலோ: வயதுக்கேற்ற எடை பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். அதே பையன் 7.7 கிலோ: மைனஸ் 2ஐ ஒட்டி. பெண், 12 மாதம், 8.9 கிலோ: பூஜ்யம், 7.0 கிலோ: மைனஸ் 2. இதில் தடுமாறும் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள். சிக்னலை அணைத்துவிட்டும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அணைக்கட்டு வட்டத்து மலைப் பக்கம் போகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது.

வயதுக்கேற்ற உயரம் மைனஸ் 6க்குக் கீழேயோ பிளஸ் 6க்கு மேலேயோ, எடை மைனஸ் 6க்குக் கீழேயோ பிளஸ் 5க்கு மேலேயோ வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பதிவை. ஆண், பெண் மாற்றித் தட்டியிருக்கிறதா, தேதி சரியா என்று பாருங்கள்.

படி 8: வரைபடத்தைப் படிப்பது

செயலி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் காட்டும். நிறம் ஒரு நாளைச் சொல்வது. கோடு போகும் திசையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஓர் ஆண் குழந்தை ஆறு மாதத்தில் 7.9 கிலோ, ஒன்பதில் 8.1, பன்னிரண்டில் 8.2. மூன்று முறையும் பச்சைதான், மைனஸ் 2க்கு எங்கோ மேலே. ஆனால் ஆறு மாதத்தில் நடுக்கோட்டில் இருந்தவன், ஒரு வயதில் மைனஸ் 1 கோட்டையும் தாண்டிக் கீழே வந்துவிட்டான். ஆறு மாதத்தில் 300 கிராம். இந்தப் பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். பிறந்ததிலிருந்து மைனஸ் 1.8 கோட்டிலேயே ஒரே சீராக ஏறி வரும், அம்மா அப்பா இருவரும் குள்ளமான, துறுதுறுவென்று ஓடும் பெண் குழந்தையைப் பற்றி அவ்வளவு வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு மேல் கோடு சாய்ந்தால் இணை உணவை விசாரிப்போம், சரி. வேலூர்ப் பக்கம் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். மால்–எட் என்ற எட்டு நாட்டு ஆய்வின் இந்திய மையம் வேலூர். நகரத்தின் நெருக்கமான குடியிருப்புக் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாமல் குடலில் தங்கும் கிருமித் தொற்றும் உயரம் குன்றுவதோடு சேர்ந்து வருகிறது என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவுகளில் ஒன்று. ஆகவே "நல்லாத்தான் துன்றான் மேடம், ஏற மாட்டேங்குது" என்று அம்மா சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக முகம் சுளிக்க வேண்டாம். குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, தண்ணீர் பிடித்து எத்தனை நாள் வைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

எடை சரி, உயரம் மட்டும் பின்தங்குகிறது என்றால் வேறு பாதை. நான்கு வயதுக்கு மேல் ஆண்டுக்கு 4 செ.மீ.க்கும் குறைவாக வளரும் பிள்ளைக்குத் தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் உட்படப் பரிசோதனை தேவை. இதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாத இடைவெளியில், ஒரே கருவியில் எடுத்த இரண்டு அளவு வேண்டும். பெற்றோர் உயரத்தையும் அளந்து பதியுங்கள், கேட்டுப் பதியாதீர்கள்; அப்பாக்கள் சொல்லும் உயரம் எப்போதும் கொஞ்சம் கூடுதல். இருவர் உயரத்தையும் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுத்தால் பிள்ளை எட்டக்கூடிய உயரத்தின் மதிப்பு கிடைக்கும்.

உடற்பருமனையும் விடாதீர்கள். ஐந்து வயதுக்கு மேல் 2015 வரைபடத்தில் பெரியவர்களின் 23, 27 பி.எம்.ஐ.க்கு (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) நிகரான இரண்டு கோடு உண்டு. சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கக் கிளினிக்கில் அதைத் தாண்டும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கலாம். வீட்டில் அதைக் 'கொழுகொழு' என்பார்கள்.

படி 9: வீட்டாரிடம் சொல்வது

திரையைத் திருப்பிக் காட்டுங்கள். கோடு மேலே ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்று படிக்காத பாட்டிக்கும் புரியும். இசட் ஸ்கோர் என்ற சொல்லை உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசினால், "இவன் போன மாசம் எங்க இருந்தான், இப்போ எங்க இருக்கான், இதை மட்டும் பாருங்க பாட்டி" என்று விரலைத் திரையில் வையுங்கள்.

யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் அம்மா ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பார். பிள்ளையைத் தூக்கி வந்தது பாட்டி. பதிவில் இருப்பது அப்பாவின் எண். சொன்னது மூன்று கை மாறி அம்மாவிடம் சேரும்போது "டானிக் எழுதிக் கொடுத்தாங்க" என்று சுருங்கிவிடும். அம்மாவின் எண்ணைக் கேட்டு வாங்கி ஒரு நிமிடக் குரல் பதிவு அனுப்புங்கள். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடியில் உருதுவும், சித்தூர் எல்லை ஊர்களில் தெலுங்கும் தெரிந்த சிஸ்டர் பேசினால் இன்னும் நல்லது.

உணவைப் பற்றிச் சொல்லும்போது அடுப்படியில் இருப்பதைச் சொல்லுங்கள். இந்த மண்ணில் கேழ்வரகும் வேர்க்கடலையும் இல்லாத வீடு குறைவு. கூழ் தண்ணீராக இருந்தால் வயிறு நிரம்பும், சத்து ஏறாது. கெட்டியாகக் காய்ச்சி, வறுத்து நைசாக அரைத்த கடலையும் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்துக் கொடுக்கச் சொல்லலாம். முழுக் கடலையைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். முட்டை சாப்பிடும் வீடானால் தினம் ஒன்று. அங்கன்வாடிச் சத்துமாவு வீட்டில் யாருக்குப் போகிறது என்றும் நாசூக்காகக் கேட்டுவிடுங்கள்.

படி 10: யாரை எங்கே அனுப்புவது

புயம் 11.5க்குக் கீழே, உயரத்துக்கேற்ற எடை மைனஸ் 3க்குக் கீழே, இரண்டு பாதத்திலும் வீக்கம்: மூன்றில் ஒன்று இருந்தாலே அன்றைக்கே முழுப் பரிசோதனை. அதோடு சாப்பாட்டைத் தொடவே மாட்டேன் என்கிறது, சோர்ந்து கிடக்கிறது, விடாத வாந்தி, காய்ச்சல், உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் படுக்கை உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். அரசுப் பக்கம் அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யும் இருக்கிறது. கிளம்பும் முன் சர்க்கரைத் தண்ணீரோ பாலோ கொடுத்து, உடம்பைப் போர்த்தி, அம்மா நெஞ்சோடு அணைத்தபடி அனுப்புங்கள். இரத்தச் சர்க்கரை வழியில் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புயக் கணக்கு வேண்டாம். எடை ஏறவில்லை என்றாலே தாய்ப்பால் கொடுப்பதை நேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 11: பதிவு

எண் செயலியில் மட்டும் இருந்தால் அது உங்கள் கிளினிக்கைத் தாண்டாது. இந்தக் குழந்தை நாளை அங்கன்வாடிக்குப் போகும், புதன்கிழமை தடுப்பூசிக்கு நர்சம்மாவிடம் போகும், திருவிழாவுக்கு ஊருக்குப் போன இடத்தில் வேறொரு டாக்டரைப் பார்க்கும். தாய் சேய் நல அட்டையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தேதியும் எடையும் உயரமும் எழுதி, படுக்கை அளவா நின்ற அளவா என்று ஓர் எழுத்தில் குறியுங்கள். 1980களில் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான் உருவாக்கிய நோய்க் கண்காணிப்பு அச்சடித்த அஞ்சலட்டையில்தான் ஓடியது. கிராமத்து டாக்டர் நோயின் பெயரை நிரப்பித் தபால் பெட்டியில் போட்டால் போதும். காகிதத்தை ஏளனமாகப் பார்க்க இந்த ஊருக்கு நியாயம் இல்லை.

செல்போனுக்குப் பூட்டு, செயலிக்குத் தனிக் கடவுச்சொல். 2023ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரைக் குழந்தை என்றே வைத்து, பெற்றோர் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே பதிவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஒல்லிப் பிள்ளையின் படத்தையும் வரைபடத்தையும் டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் வேண்டாம், பெயரை மறைத்தாலும் வேண்டாம். வாரம் ஒரு முறை தரவை வேறோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

மாற்றுப் பேட்டரி ஒரு செட், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அச்சிட்ட வளர்ச்சி வரைபடம் சில தாள், ஒரு அடிக்கோல், பென்சில். இவற்றை முகாம் பையின் பக்கவாட்டு ஜிப்பில் எப்போதும் போட்டு வையுங்கள். மூன்றாவது குழந்தைக்கே சார்ஜ் தீர்ந்துபோகும் நாள் ஒன்று வரும். நாற்பது பிள்ளைகள் அன்றைக்கும் வரிசையில்தான் நிற்பார்கள்.